பிளக்குக்குள் மடித்து வைத்த பச்சை வயர்

எலெக்ட்ரிக் கிதாரின் உள்ளே இருக்கும் வயரை மாற்றினால் சத்தம் மாறுமா என்று உங்களில் நாலைந்து பேராவது என்னிடம் கேட்டுவிட்டீர்கள். கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், தப்பில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே போகிற சாண் நீள வயர் வெறும் செம்பாக இருந்தாலும், வெள்ளிப் பூச்சு போட்டதாக இருந்தாலும், துணி சுற்றிய பழங்காலத்து வயராக இருந்தாலும் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கிதாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் நீளக் கேபிள் மட்டமாக இருந்தால் தெரியும். சத்தத்தின் கூர்மை மழுங்கிப் போகும். உள்ளே செப்புத் தகடு ஒட்டி ஷீல்டிங் செய்தால் இரைச்சல் குறையும். அதனால் வாசிக்கத் தெரியாதவனுக்கு வாசிப்பு வந்துவிடாது.

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் ஆயிற்று. தெரிந்துகொண்ட கர்வத்தில் ஒரு மனிதனைக் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டேன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் மேலே முடிந்துவிட்டது. இனி எழுதப்போவது நீங்கள் கேட்காதது.

என் கடை குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. ரேடியோ, டேப் ரெக்கார்டர் என்று ஆரம்பித்து, அவை ஓய்ந்த பிறகு ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு, கிதார் என்று வந்து சேர்ந்தேன். போர்டில் என்ன எழுதியிருந்தாலும் ஊருக்கு அது பாய் கடைதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த முதல் பத்து வருடங்களில் தாம்பரத்தைச் சுற்றி மெல்லிசைக் குழுக்கள் நிறைய இருந்தன. ஆடி மாதம் வந்தால் எல்லா அம்மன் கோயிலிலும் கச்சேரி. ஆனி கடைசியில் எல்லாக் குழுக்களின் ஓட்டை உடைசலும் என் மேஜைக்கு வந்துவிடும்.

அப்படி வந்தவன்தான் வேலு. கானாத்தூருக்கு அந்தப் பக்கம் கடலோரக் குப்பத்துக்காரன். அப்பாவும் இரண்டு அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். மனைவி மல்லிகா மேடவாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்றாள். குடும்பத்தில் கடலுக்குப் போகாதவன் இவன் ஒருவன்தான். ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்துக்கொண்டே கோரஸும் பாடுவான். இடது கை விரல்கள் கம்பி மேல் ஓடும்போது பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்த விரல்களை நம்பித்தான் கடலை விட்டு வந்தேன் என்று அவனே சொல்வான். எனக்கு அவனைவிட இருபது வயது அதிகம். ஆனாலும் என்னை 'நீ, வா' என்றுதான் பேசுவான். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு வருடம் ஆனியில் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பாலித்தீன் கவரோடு வந்தான். கவருக்குள் துணி சுற்றிய வயர்.

"பாய், இத உள்ள போட்டுக் குடு. சவுண்டு தேன் மாதிரி இருக்குமாம். இரைச்சலும் பூடுமாம்."

"யார் சொன்னது?"

"மேடவாக்கத்துல ஒரு சாருக்கு கிளாஸ் எடுக்கிறேன் இல்ல, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரு. அவுரு அமெரிக்காவுல இருந்து வரவெச்சாரு. நெட்ல படிச்சாராம்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. குழுவின் சொந்தக்காரர் அவனுக்குக் கெடு வைத்திருந்தார். அவனுடைய கிதாரிலிருந்து ஒரு 'ம்ம்ம்' சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. இன்னொரு கச்சேரியில் அது கேட்டால் வேறு கிதாரிஸ்ட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். ஆடி போனால் வருடமே போன மாதிரி என்பது அவன் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

சும்மா சொன்னால் நம்பமாட்டான் என்று ஒரு வேலை செய்தேன். ஒரு சின்ன டப்பாவில் ஒரு சுவிட்ச் வைத்து, ஒரு பக்கம் அவன் கொண்டுவந்த வயர், மறுபக்கம் என் கடையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் சாதா வயர் என்று சாலிடர் வைத்தேன். அவனைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசிக்கச் சொன்னேன். பின்னால் நின்று நான் சுவிட்சைத் தட்ட வேண்டியது, எது தேன் என்று அவன் சொல்ல வேண்டியது. இருபது தடவையாவது தட்டியிருப்பேன். ஒரு கட்டத்தில் நான் சுவிட்சைத் தொடவே இல்லை, அப்போதும் "இதோ, இப்ப நல்லா கீது" என்றான். திரும்பிப் பார்த்து விஷயம் தெரிந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்.

"ஒண்ணும் தெரியல பாய். என் காதே என்னிய ஏமாத்துது."

அவன் நேர்மையானவன். நான் அன்று அந்த நேர்மையைப் பாராட்டவில்லை. எனக்கு ஜெயித்த சந்தோஷம். படித்தவர் சொன்னதைப் பொய்யென்று நிரூபித்துவிட்டோம் என்கிற மப்பு. அந்த மப்பு இறங்குவதற்குள் ஒரு வாக்கும் கொடுத்துவிட்டேன். "வயரை விடு. நான் ஷீல்டிங் பண்ணித் தர்றேன். இரைச்சல் வந்தா என்னைக் கேளு."

இரண்டு நாள் பார்த்துப் பார்த்துச் செய்தேன். கிதாரின் வயிற்றுக்குள் செப்புத் தகடு ஒட்டி, ஓரங்களில் சாலிடர் வைத்து, கம்பிகளையும் தகட்டையும் ஒன்றாக இணைத்தேன். கடையில் போட்டுப் பார்த்தபோது 'ம்ம்ம்' பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. வேலு கிதாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

மறுநாள் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் ஒத்திகை. மதியம் போன் வந்தது. இரைச்சல் போகவில்லை, முன்னைவிட அதிகம். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அறையில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குழுவின் சொந்தக்காரர் என்னைப் பார்த்ததும், "இன்னா பாய், செம்புத் தகடு எல்லாம் ஒட்டுனியாமே, கிதாருக்கா, இல்ல குத்துவிளக்குக்கா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வேலு மட்டும், "பாய் பாத்துக்குவாரு, நீங்க சும்மா இருங்க" என்றான்.

இங்கேதான் நீங்கள் நின்று கவனிக்க வேண்டும். காரணம் என்னவென்று ஐந்து நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அவனுடைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு கேபிள், எல்லா மைக்கும் வாத்தியமும் வந்து சேருகிற மிக்ஸருக்குப் போகிறது. ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு எர்த், மிக்ஸருக்கு ஒரு எர்த். நடுவில் அந்தக் கேபிளின் ஷீல்டு இரண்டையும் சேர்த்து ஒரு வளையம் போட்டுவிட்டது. அந்த வளையம்தான் பாடிக்கொண்டிருந்தது. கடையில் ஆம்ப்ளிஃபயரோடு மட்டும் போட்டுப் பார்த்ததால் இது தெரியாமல் போயிற்று. கிதாரில் ஒரு கோளாறும் இல்லை. சரியான வைத்தியமும் எனக்குத் தெரியும். மிக்ஸர் பக்கத்து முனையில் கேபிளின் ஷீல்டை மட்டும் கழற்றிவிட வேண்டும். இன்னும் நல்லது, நடுவில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி வைத்துவிடுவது. அரை மணி நேர வேலை. ஆனால் சாலிடரிங் அயர்ன் கடையில் இருந்தது. என் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் மட்டும்தான் இருந்தது. பத்துப் பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கினேன். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அதைப் பிரித்து, எர்த் பின்னிலிருந்து பச்சை வயரைக் கழற்றினேன். அதன் நுனியில் டேப் சுற்றி, உள்ளேயே மடித்து வைத்து, மூடியைத் திருகிவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று பின்னும் ஒழுங்காக இருக்கும். நம் பக்கத்தில் எர்த் பின்னை மதிப்பவர்கள் எத்தனை பேர்? ஒயரை வெறுமனே நீட்டி, சாக்கெட்டுக்குள் இரண்டு தீக்குச்சியைச் செருகி நிறுத்துகிறவர்கள் நாம். எத்தனையோ வீட்டில் எத்தனையோ பெட்டி எர்த் இல்லாமல்தானே ஓடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாளைக்கு வந்து முறையாகப் பண்ணிவிடலாம் என்றும் சொல்லிக்கொண்டேன்.

பிளக்கை மாட்டியதும் அறையில் அப்படி ஒரு அமைதி. இரைச்சல் சுத்தமாக நின்றுவிட்டது. டிரம்ஸ்காரர் கை தட்டினார். சொந்தக்காரர் எழுந்து வந்து கை கொடுத்தார்.

"இன்னா பாய் பண்ண?" என்றான் வேலு.

"ஷீல்டிங்ல ஒரு எடம் விட்டுப் போயிருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எர்த்தைக் கழற்றியிருக்கிறேன், தற்காலிகம்தான், மைக் பக்கம் ஜாக்கிரதை என்று சொல்லியிருந்தால் அவன் கேட்டிருப்பான். ஆனால் அப்படிச் சொன்னால் என் செப்புத் தகட்டுக்கு மரியாதை போய்விடும். இரண்டு நாள் வேலையின் பெருமையை ஒரு ஸ்க்ரூ டிரைவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் போகவும் இல்லை. கடையில் ஆடி வேலை தலைக்கு மேல் கிடந்தது. அதுதான் நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஓர் ஊர் அம்மன் கோயிலில் கச்சேரி. வேலு கூப்பிட்டிருந்தான். உண்மையைச் சொன்னால் கச்சேரி கேட்கப் போகவில்லை, நான் வரவழைத்த அமைதியைக் கேட்கப் போனேன். சாயங்காலம் தூறல் போட்டு விட்டிருந்தது. மேடைப் பலகையெல்லாம் ஈரம். அம்மனுக்கு எதிரே போட்ட மேடை என்பதால் எல்லாரும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார்கள். வேலுவும் வெறுங்காலோடு நின்றான். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். என்னைப் பார்த்துக் கிதாரைத் தட்டிக் காட்டிச் சிரித்தான்.

முதல் இரண்டு பாட்டுக்கு அவன் மைக் பக்கம் வரவில்லை. மூன்றாவது பாட்டில் கோரஸ் வந்தது. முன்னால் சாய்ந்து மைக்கில் வாயை வைத்தான்.

பாட்டு வரவில்லை. தொண்டையிலிருந்து வேறு ஏதோ சத்தம் வந்தது. உடம்பு விறைத்துப் போய், இடது கை கம்பிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. கூட்டத்தில் சிலர் அதை ஆட்டம் என்று நினைத்து விசில் அடித்தார்கள். எனக்கு அந்த விநாடியே தெரிந்துவிட்டது. மேடை ஓரத்தில் இருந்த மைக் செட்காரர் எகிறிக் குதித்து மெயின் சுவிட்சை இறக்கினார். விளக்கெல்லாம் அணைந்தது. இருட்டில் வேலு விழுந்த சத்தம் கேட்டது.

நடந்தது இதுதான். அவனுடைய ஆம்ப்ளிஃபயர் பழையது. ஈரம் ஏறியதும் அதன் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பெட்டிக்குக் கரண்ட் கசிந்திருக்கிறது. பச்சை வயர் இருந்திருந்தால் அது பேசாமல் பூமிக்குப் போயிருக்கும். அந்த வழியை நான் அடைத்துவிட்டேன். அன்று மேடையில் மிக்ஸருக்குக் கேபிள் போடாமல் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்திருந்ததால் அந்தப் பக்கமும் வழியில்லை. அது கிதார் கேபிளின் ஷீல்டு வழியாக வந்து, நான் ஆசையாசையாகச் செய்த இணைப்பில் ஏறி, கம்பியில் வந்து நின்றது. மைக் எர்த்தோடு இருந்தது. உதடு பட்டதும் அவன் உடம்பே அதற்கு வழியாகிவிட்டது.

அவனுக்கு மூச்சு இருந்தது. ஒரு வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். நானும் ஏறப் போனேன், இடமில்லை. திரும்பிப் பார்த்தால் நாலைந்து பேர் மைக் செட்காரரின் சட்டையைப் பிடித்திருந்தார்கள். "மைக்குல கரண்ட்டு வுட்டுக் கொல்லப் பாத்தியாடா?" என்று ஒருவர் கை ஓங்கினார். அந்த மனிதர், "என் லைன்ல ஒண்ணும் இல்லீங்க, பாத்துட்டு அடிங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு நிமிடமோ இரண்டோ. என் தொழிலில் நான் செய்த தப்புகளை எண்ணினால் அந்த இரண்டு நிமிடம்தான் எல்லாவற்றுக்கும் மேல். எர்த்தைக் கழற்றியபோது இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அங்கே எல்லாம் தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மைக் செட்காரர் எப்படியோ பிடியை விடுவித்துக்கொண்டு போய், டார்ச்சை வாயில் கவ்வியபடி ஆம்ப்ளிஃபயர் பிளக்கைப் பிரித்தார். மடித்து வைத்த பச்சை வயரை வெளியே இழுத்தார். டேப் அழகாகச் சுற்றியிருந்தது. அதைப் பார்த்தாலே தொழில் தெரிந்தவன் வேலை என்று சொல்லிவிடலாம்.

"யாருய்யா இத பண்ணது?"

"நான்தான்" என்றேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை. வயசு, தாடி, தலையில் தொப்பி, ஏதோ ஒன்று அவர்களைத் தடுத்திருக்க வேண்டும். மைக் செட்காரர் அந்த பிளக்கை என் கையில் வைத்தார். "இரைச்சல் வந்தா ஜனங்க திட்டுவாங்க பாய். அவ்ளோதானே?" என்றார்.

வேலு பிழைத்துக்கொண்டான். ஆனால் இடது கையின் நடுவிரலிலும் மோதிர விரலிலும் கம்பி பட்ட இடமெல்லாம் கோடு கோடாக வெந்துவிட்டது. புண் ஆறினாலும் மறுபடி வாசிக்க வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். ஆடி போயிற்று. குழுவில் வேறு கிதாரிஸ்ட் வந்துவிட்டான். நான் எதைக் காப்பாற்றித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேனோ அதை என் கையாலேயே பறித்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்துக் குப்பத்துக்குப் போனேன். வேலு வாசலில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிளக்கில் செய்ததையும், ஒத்திகையில் பொய் சொன்னதையும், மேடைக்குக் கீழே வாயை மூடிக்கொண்டு நின்றதையும் ஒன்று விடாமல் சொன்னேன். மல்லிகா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"இவுரு வூட்டுக்கு வந்து உன்னிய அப்பிடிப் பேசிகினு இருந்தாரு பாய். பாய் கை வெச்சா அவ்ளோதான், ராசியான கைன்னு. தெரியுமா உனுக்கு?"

அழுதேன். அவள் மறுபடி கூடையைக் கழுவத் தொடங்கினாள். வேலு கடலைப் பார்த்தபடி, "போயிட்டு வாங்க பாய்" என்றான். அவன் என்னை 'வாங்க' என்றது அன்றுதான் முதல் தடவை. அந்த மரியாதை வலித்தது.

அதன் பிறகு கடையில் சில வழக்கங்களை வைத்துக்கொண்டேன். உங்களுக்கும் சொல்கிறேன். சத்தத்துக்கான கேபிளில் ஷீல்டை ஒரு முனையில் கழற்றலாம், கரண்ட் வயரில் எர்த்தை ஒருநாளும் கழற்றக் கூடாது. எந்த வேலை செய்தாலும் என்ன செய்தேன் என்று ஒரு சீட்டில் எழுதி அந்தப் பொருளோடு கட்டிக் கொடுக்க வேண்டும். எழுதக் கூச்சமாக இருந்தால் அந்த வேலையைச் செய்யக் கூடாது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தால், அயர்ன் கடையில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

தை பிறந்து சில நாட்களில் வேலு கடைக்கு வந்தான். கிதாரும் இருந்தது. விரல்களில் கோடுகள் வெளுத்துத் தெரிந்தன. வீட்டில் உட்கார்ந்து மெதுவாகப் பழகிக்கொண்டிருக்கிறானாம், மோதிர விரல் மட்டும் இன்னும் சொன்னபடி கேட்கவில்லையாம். தாம்பரத்தில் ஒரு சின்னக் குழு கூப்பிட்டிருக்கிறது. ஆனால் மைக் முன்னால் நின்றால் கிதாரைத் தொடக் கை வரவில்லை என்றான்.

அவனுடைய ஆம்ப்ளிஃபயர் கச்சேரி அன்றிலிருந்து என்னிடம்தான் இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரை மாற்றி, புது மூணு பின் வயர் போட்டு, மிக்ஸருக்கும் அதற்கும் நடுவில் வைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியும் செய்து வைத்திருந்தேன். அவன் எதிரிலேயே பிளக்கைப் பிரித்துப் பச்சை வயரைக் காட்டினேன். எல்லாவற்றையும் இணைத்து, மைக்குக்கும் கம்பிக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். முள் அசையவில்லை. இரண்டாம் முறையும் வைத்துக் காட்டினேன்.

"மீட்டர் சரி பாய்" என்றான். "நீங்க தொடுங்க."

கிதாரை என் மடியில் வைத்தான். நான் இடது கையால் கம்பிகளைப் பிடித்தேன். வலது கையை மைக்கை நோக்கி நீட்டினேன். பாதி வழியில் கை நின்றுவிட்டது.

ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். என் கையால் செய்த வேலை, என் கண்ணால் பார்த்த மீட்டர். இருந்தும் கை போகவில்லை. இவனை நான் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த மைக்குக்கு முன்னால் நிறுத்தினேன் என்பது அப்போதுதான் எனக்கு உடம்போடு உறைத்தது. வேலு அவசரப்படுத்தவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றான்.

தொட்டேன். ஒன்றும் இல்லை. குளிர்ந்த இரும்பு, அவ்வளவுதான்.

வேலு கிதாரை வாங்கி மாட்டிக்கொண்டான். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று, கம்பியை அழுத்திப் பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மைக்கில் வைத்துப் பாடினான். இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்தினான். நிறுத்தியதும் கடை டியூப்லைட்டால் கிதாரிலிருந்து மெல்லிசாக ஒரு 'ம்ம்ம்' கேட்டது. நான் பதறிப்போய் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கப் போனேன்.

"கெடக்கட்டும், வுடு பாய்" என்றான் வேலு. மறுபடியும் பாட ஆரம்பித்தான்.